மலையில் சரக்கு, வலையில் கடை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அரப்பளீஸ்வரரைத் தரிசிக்கவும் ஆகாயகங்கையில் குளிக்கவும் போகிறவர்களுக்கு அது சுற்றுலாத் தலம். நம் போன்ற வணிகர்களுக்கோ அது ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகு, அதன் நிழலில் காபி, பலா, வாழை, அன்னாசி, சாமை, தினை, கேழ்வரகு என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று மலையிலிருந்து இறங்கிக் கொண்டேயிருக்கும். சோளக்காட்டுச் சந்தையில் நின்று பேரம் பேசிய அனுபவம் வாசகர்களில் பலருக்கு இருக்கும்.

இப்போது அந்த மலைக் கடைக்காரர்களும் அடிவாரத்து மண்டிக்காரர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்க கடைக்கும் ஒரு வெப்சைட் போடணும், எவ்வளவு ஆகும்?" நாமக்கல்லில் மூன்று பேர் கொண்ட சிறு இணையத்தளப் பட்டறை ஒன்றை 2007-ஆம் ஆண்டிலிருந்து நடத்தி வருபவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் பல முறை கேட்டிருக்கிறேன். எவ்வளவு ஆகும் என்பதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஆனால் கடைக்காரர் கேட்க வேண்டிய வேறு சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றை அவர் கேட்பதில்லை, எங்களைப் போன்றவர்களும் தாமாகச் சொல்வதில்லை. அவற்றைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். இதில் எங்கள் பட்டறை செய்த பிழைகளும் வரும்.

அருவி ஓட வேண்டும்!

செம்மேட்டில் மிளகும் காபியும் சிறுதானியமும் விற்கும் கடைக்காரர் ஒருவர் 2015-இல் எங்களிடம் வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். பெரிய நகரத்து ஜவுளிக்கடை ஒன்றின் தளத்தை அவருடைய மகன் காட்டியிருக்கிறார். அதே போல வேண்டும் என்றார். "தம்பி, தொறந்த உடனே ஆகாயகங்கை அருவி விழுகற மாதிரி படம் ஓடணும். பாக்கறவன் அசந்து போயிரணும்" என்றார்.

செய்திருக்கலாம். செய்தால் எங்களுக்கும் கூடுதல் கூலி. ஆனால் அதற்கு முன்பே சில இடங்களில் கையைச் சுட்டுக் கொண்டிருந்ததால், "அய்யா, இரண்டு நாள் உங்கள் கடையில் உட்கார்ந்து பார்க்கிறோம், அப்புறம் பேசலாம்" என்று சொன்னோம். நானும் என்னுடன் வேலை செய்யும் தம்பியும் போய் உட்கார்ந்தோம். வந்த போன்களையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக் கொண்டோம்.

சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பேசிய மொத்த வியாபாரிகள் கேட்டது இதுதான். இன்றைய விலை என்ன, லிட்டர் எடை எவ்வளவு நிற்கிறது, ஈரப்பதம் எவ்வளவு, புது அறுவடையா பழைய இருப்பா. மளிகைக்காரர்களுக்கு லிட்டர் எடையை நான் விளக்க வேண்டியதில்லை. லிட்டருக்கு 550 கிராம் நிற்கும் மிளகுக்கு ஒரு விலை, 500 நிற்பதற்கு வேறு விலை. அடுத்தபடி, சுற்றுலா வந்தபோது கால் கிலோ வாங்கிப் போய், ருசி பிடித்து மறுபடி கேட்கும் குடும்பத்தார். அவர்கள் கேட்டது: எப்படி அனுப்புவீர்கள், எத்தனை நாளில் வரும், பணம் எப்படிக் கட்டுவது. மூன்றாவது வகை, சென்னையிலிருந்து பேசிய இயற்கை அங்காடிக்காரர்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

அருவியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நோட்டையே அவரிடம் காட்டினோம். சிறிது நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பதில் எழுதி வெச்சாப் போதும்கறீங்க" என்றார். அப்படித்தான் அவருடைய தளம் அமைந்தது. மேலே கடையின் பெயர், போன் நம்பர், இன்றைய விலை, மிளகின் லிட்டர் எடை, அறுவடை ஆண்டு. கீழே அனுப்பும் விதம், உரிம எண், கடைக்கு வரும் வழி. ஒரே ஒரு படம், களத்தில் காயும் மிளகு. பொட்டலப் பொருள்களை இணையத்தில் விற்கும்போதும் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பொட்டலமிட்டவர் முகவரி முதலியவற்றைத் திரையில் காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே இருந்த விவரங்களோடு இரண்டு வரி சேர்த்ததோடு எங்கள் வேலை முடிந்தது.

பணம் வாங்கும் வசதியைத் தளத்திலேயே வைக்கலாமா என்ற பேச்சும் வந்தது. கார்டு மூலம் பணம் பெற்றுத் தரும் நிறுவனங்கள் பொதுவாக நூற்றுக்குச் சுமார் 2 ரூபாய் கமிஷன் எடுக்கின்றன, அதற்கு மேல் வரி. கிலோ 600 ரூபாய் மிளகு என்று வைத்துக் கொண்டால் 12 ரூபாய் அங்கே போய்விடும். மொத்த வியாபாரத்தில் கிலோவுக்கு 12 ரூபாய் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அப்போதைக்கு வங்கிக் கணக்கு எண்ணோடு நிறுத்தினோம். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்து, அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பு நீக்கமும் வந்தபின், சில்லறை வாடிக்கையாளர்கள் தாமாகவே அந்த வழிக்கு மாறிவிட்டார்கள். நாங்கள் ஒன்றும் செய்யாமலே அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

பக்கத்துக்கும் எடை உண்டு

சரக்குக்கு எடை உண்டு என்பது போல இணையப் பக்கத்துக்கும் எடை உண்டு. அதை யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் படம் 3 முதல் 5 எம்.பி. வரை வரும். நகரத்தில் நல்ல சிக்னலில் இது கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். மலை வளைவுகளில், ஒரு புறம் பாறையும் மறு புறம் பள்ளமுமாக இருக்கும் இடத்தில், சிக்னல் வினாடிக்கு 100 கிலோபிட் அளவுக்கு இளைத்துப் போனால், அந்த 5 எம்.பி. படம் ஒன்று இறங்கவே கிட்டத்தட்ட ஏழு நிமிடம் பிடிக்கும். ஏழு நிமிடம் எந்த வாடிக்கையாளர் காத்திருப்பார்? அதே சிக்னலில் 50 கே.பி. எடையுள்ள பக்கம் நான்கு வினாடியில் வந்து நிற்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாடிக்கையாளருக்கு முன்னால் இந்தக் கஷ்டத்தைப் படுபவர் கடைக்காரரே. காலையில் விலையை மாற்ற வேண்டியவர் அவர். மழை நாளில் கரண்ட் போய், கைபேசியில் ஒரு கோடு சிக்னலை வைத்துக் கொண்டு, கடை வாசலில் நின்றபடி ஒரு எண்ணை மாற்ற வேண்டும். அது நடக்காவிட்டால் போன வார விலை தளத்தில் அப்படியே நிற்கும். பழைய விலை நிற்கும் தளம், பூட்டிய கடையை விட மோசமானது. போன் போட்டு, "போர்டுல இப்படிப் போட்டிருக்கீங்களே" என்று வாடிக்கையாளர் மல்லுக்கு நிற்பார்.

எனவே எங்கள் பட்டறையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தத் தளத்தையும் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் பார்த்து ஒப்புதல் வாங்குவதில்லை. கடைக்காரரின் சொந்த போனில், அவருடைய கடையில் வைத்துத்தான் பார்ப்போம். கொல்லிமலைத் தளம் என்றால் மேலே ஏறிப் போய்த்தான் பார்ப்போம். பெட்ரோல் செலவுதான், ஆனால் பிறகு வரும் பத்து போன்கள் மிச்சம்.

ஆடம்பரம் வெளுத்த கதை

மேலே சொன்ன கையைச் சுட்டுக் கொண்ட கதைக்கு வருகிறேன். 2009-இல் அடிவாரத்து மொத்த வியாபாரி ஒருவருக்கு ஃபிளாஷ் என்ற மென்பொருளில் தளம் செய்து கொடுத்தோம். அந்தக் காலத்தில் ஃபிளாஷ் தெரிந்தவனுக்குத் தனி மதிப்பு. மிளகுக் கொடி ஏறும், பூ விரியும், பின்னணியில் வீணை இசை. அவரும் மகிழ்ந்தார், நாங்களும் பெருமைப்பட்டோம். வருவோர் போவோருக்கெல்லாம் அதைத்தான் காட்டினோம்.

ஐபோனில் ஃபிளாஷ் ஓடாது. ஏன் ஓட விடமாட்டோம் என்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் பகிரங்கமாகவே ஒரு கடிதம் எழுதினார். அது அமெரிக்காக்காரர்கள் சண்டை, நமக்கென்ன என்று இருந்தோம். அடுத்த சில ஆண்டுகளில் நம் மக்கள் கம்ப்யூட்டரை விட்டுக் கைபேசியில் இணையம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த வியாபாரியின் தளம் பெரும்பாலான போன்களில் வெறும் சாம்பல் நிறக் கட்டமாகத் தெரிந்தது. உள்ளே விலை இருக்கிறது, முகவரி இருக்கிறது, ஒன்றும் வெளியே தெரியாது. ஃபிளாஷைத் தயாரித்த அடோபி நிறுவனமே 2017-இல் அறிவித்துவிட்டு, 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதைக் கைவிட்டது. நாங்கள் அதற்கு வெகு முன்பே, எங்கள் செலவில், அந்தத் தளத்தைப் பிரித்து மறுபடி கட்டிக் கொடுத்தோம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். டிம் பெர்னர்ஸ்-லீ என்ற விஞ்ஞானி சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1990-91 வாக்கில் உலகின் முதல் இணையத்தளத்தை உருவாக்கினார். வெறும் எழுத்தும் தொடுப்பும்தான். அதன் பழைய பிரதி ஒன்றை 2013-இல் அதே முகவரியில் மீண்டும் வைத்தார்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய முறையில் எழுதிய அந்தப் பக்கம் இன்றைய கைபேசியில் அப்படியே திறக்கிறது. ஐந்து ஆண்டு கூடத் தாங்காத எங்கள் மிளகுக் கொடியை நினைத்தால் இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தமிழில் தட்டிய விலைப்பட்டியல்

எழுத்துருப் பிரச்சினையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வாங்கிய மண்டிகளில் பலர் வாடிக்கையாளர் பெயர்களையும் சரக்குப் பெயர்களையும் தமிழில் தட்டி வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அன்று ஒவ்வொரு மென்பொருள் கம்பெனியும் தன் தன் எழுத்துருவுக்குத் தனி முறை வைத்திருந்தது. ஒன்றில் "மிளகு" என்று தெரிவது மற்றொன்றில் குப்பைக் குறிகளாகத் தெரியும். இதைச் சீராக்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற எழுத்து முறைகளும் அங்கிருந்து வந்தவை. அதே சமயம், உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் 1991-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. கடைசியில் அதுவே வென்றது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது.

இதனால் கடைக்காரருக்கு என்ன? சேந்தமங்கலம் பக்கத்து மண்டி ஒன்றில் பன்னிரண்டு வருடத்துப் பெயர்ப் பட்டியலும் பாக்கிக் கணக்கும் ஒரு பழைய எழுத்துருவில் கிடந்தன. அந்த மென்பொருளை விற்றவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். புதுக் கம்ப்யூட்டரில் அது ஏறவில்லை. எழுத்தை மாற்றும் கருவிகள் இருக்கின்றன, மாற்றினோம். முக்கால்வாசி சரியாக வந்தது. மீதியில் "ஸ்ரீ" என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் உருக்குலைந்தன. நம் ஊர் வியாபாரத்தில் "ஸ்ரீ" என்று தொடங்காத கடை எத்தனை? மண்டியின் கணக்குப்பிள்ளை பழைய சிட்டைகளை வைத்துக் கொண்டு எங்களோடு பதினோரு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் திருத்தினார். காகிதச் சிட்டை இல்லாவிட்டால் யார் எவ்வளவு பாக்கி என்பதே தெரிந்திருக்காது. அந்தப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மூடும்போது மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இன்று கைபேசியில் தமிழில் தட்டினால் அது யூனிகோட்தான். ஆகவே புதிதாகத் தொடங்குவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேறொரு உருவில் அதே தவறு நடக்கிறது. விலைப்பட்டியலை அழகாக டிசைன் செய்து, படமாக மாற்றி, அந்தப் படத்தைத் தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் எங்கோ ஒருவர் "கொல்லிமலை மிளகு" என்று தட்டித் தேடும்போது, எழுத்தாக இருக்கும் பக்கத்தைத் தேடுபொறி எளிதில் கண்டுபிடிக்கும். படத்துக்குள் புதைந்த எழுத்தை நம்பி இருக்க முடியாது. விலையை மாற்றவும் ஒவ்வொரு முறையும் டிசைனரிடம் ஓட வேண்டும்.

வாடகைக் கடையும் சொந்தக் கடையும்

தளமே வேண்டாம், பேஸ்புக்கும் வாட்ஸப்பும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உள்ளூருக்கு மட்டும் விற்கும் சிறு மளிகைக் கடைக்கு வாட்ஸப் ஒன்றே போதும் என்று நானே பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 2018-இல் வந்த வாட்ஸப் பிசினஸ் செயலியில் சரக்குப் பட்டியல் வைக்கலாம், காசும் கிடையாது. அதை விட்டுவிட்டு எங்களுக்குப் பணம் கொடுப்பானேன்?

ஆனால் அவையெல்லாம் வாடகைக் கடைகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு காலத்தில் ஊரே ஆர்குட்டில் இருந்தது. கூகுள் நிறுவனம் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி அதை மூடியது. டிக்டாக்கில் சரக்கைக் காட்டி விற்றுக் கொண்டிருந்தவர்களுக்கு 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு என்ன நடந்தது என்பது தெரிந்ததே. மத்திய அரசு தடை விதித்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஆயிரக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர்களின் பெயரோ நம்பரோ மறுநாள் காலை கடைக்காரர் கையில் இல்லை. பஜாரில் வாடகைக் கடையை நடத்திக் கொண்டே ஓரத்தில் ஒரு சென்ட் இடம் வாங்கிப் போடுவோம் அல்லவா? ஒரே ஒரு பக்கமாக இருந்தாலும் சொந்தத் தளம் அப்படிப்பட்டது.

சொந்தம் என்று சொன்னேன். அதில்தான் பெரிய வில்லங்கம்.

சாவி யார் கையில்?

இணையத்தளத்தில் விலைக்கு வாங்கும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, டொமைன் என்று சொல்லப்படும் தளத்தின் பெயர். மற்றது, பக்கங்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இடம், அதாவது ஹோஸ்டிங். இரண்டையும் ஆண்டுதோறும், அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, புதுப்பிக்க வேண்டும். நம் மாநிலத்தில் கடைக்காரர்களில் பெரும்பாலோர் இதை நேரில் செய்வதில்லை. "நீங்களே பாத்துக்குங்க தம்பி" என்று தளம் செய்பவரிடம் விட்டுவிடுகிறார்கள். தளம் செய்பவரும் வசதிக்காகத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுகிறார். நாங்களும் அப்படித்தான் செய்தோம். செம்மேட்டுக் கடைக்காரரின் தளப் பெயர், அப்போது எங்களோடு பங்காளியாக இருந்த நண்பரின் சொந்த மின்னஞ்சலில் பதிவானது. மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டியும் ஆயிற்று. கட்டிய பின் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

2017-இல் அந்த நண்பர் பங்கைப் பிரித்துக் கொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போனார். மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஆனால் பழைய மின்னஞ்சலை அவர் திறப்பதையே விட்டுவிட்டார். உபயோகம் இல்லாததால் அது முடங்கிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் ஆள் இல்லாத அந்த வீட்டுக்கே போய்க் கொண்டிருந்தன.

தை பிறந்து புது மிளகு வரத் தொடங்கிய நேரம். காலை எட்டு மணிக்குச் செம்மேட்டிலிருந்து போன். "தம்பி, கடையத் தொறந்தா வேற எவனோ விளம்பரம் போட்டு வெச்சிருக்கான்." பார்த்தேன். தளம் இருந்த இடத்தில் பெயர் விற்கும் கம்பெனியின் விளம்பரப் பக்கம். தவணை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

தவணை முடிந்த உடனே பெயர் கை விட்டுப் போய்விடாது. 'டாட் காம்' போன்ற பெயர்களுக்குச் சில வாரங்கள், அதிகபட்சம் 45 நாள் வரை, வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க அனுமதிப்பது வழக்கம். அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். அப்போது பல மடங்கு அபராதம் உண்டு. அதற்குப் பிறகு 5 நாளில் பெயர் பொதுவில் விடப்படும், உலகில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எனவே முதலில் நான் பதறவில்லை. பணம் கட்டினால் தீர்ந்தது என்று எண்ணினேன். ஆனால் பணம் கட்டக் கணக்கைத் திறக்க வேண்டும். திறக்கும் ரகசியச் சொல் அந்த முடங்கிய மின்னஞ்சலுக்குத்தான் வரும். வேறு மின்னஞ்சலுக்கு மாற்ற வேண்டுமென்றால் பதிவு செய்தவரின் அடையாளச் சான்று வேண்டும் என்றார்கள். நண்பர் இருந்த இடத்திலிருந்து தாள்களை அனுப்பி, அவர்கள் சரிபார்த்து, ஒரு கையெழுத்து சரியில்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி போய், ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. பெயர் மீட்புக் காலத்துக்குள் போனது. அபராதத்தோடு கட்டி மீட்டோம். அந்தப் பணத்தை நான்தான் கொடுத்தேன், அது நியாயமும் கூட.

ஆனால் நான் கொடுத்த பணத்தில் அவருடைய நஷ்டம் ஈடாகவில்லை. அந்தப் பருவத்துக்கென்று அச்சடித்த 5,000 மிளகுக் கவர்களிலும் அந்தத் தள முகவரி இருந்தது. கடையின் மின்னஞ்சலும் அதே பெயரில் இருந்ததால் அதுவும் நின்று போயிருந்தது. சென்னை அங்காடிக்காரர்கள் இருவர் ஆர்டர் அனுப்பி, அது திரும்பி வந்து, தளத்தில் விளம்பரத்தைப் பார்த்து, கடையை மூடிவிட்டார் என்று எண்ணி வேறு இடத்தில் கொள்முதல் செய்துவிட்டார்கள். ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் வரவில்லை.

மலை ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "சாவி உங்ககிட்ட இருந்ததே தப்புங்க தம்பி. இருபத்தஞ்சு வருசமாக் கடை வெச்சிருக்கேன், ராத்திரிக் காவலுக்கு இருக்கறவர்கிட்டக் கூடக் கல்லாச் சாவி குடுத்ததில்ல. இத மட்டும் ஏன் குடுத்தேன்னு தெரியல."

அன்று முதல் எங்கள் பட்டறையில் தளப் பெயரைக் கடைக்காரரின் பெயரில், அவர் தினமும் பார்க்கும் மின்னஞ்சலில், அவர் போன் நம்பரோடு பதிவு செய்வது தவிர வேறு பேச்சே இல்லை. சிலர் சலித்துக் கொள்வார்கள். "இதெல்லாம் எனக்கு எதுக்கு, நீங்களே வெச்சுக்குங்க" என்பார்கள். முடியாது என்று சொல்லி விடுகிறோம். இதனால் ஒரு வாடிக்கையாளர் வேறு இடத்துக்குப் போனதும் உண்டு.

யார் இயக்குவது?

ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளில் தளம் செய்வதா, கையால் எழுதுவதா என்று இளைஞர்கள் எங்கள் பட்டறையில் மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள். 2003-இல் வந்த வேர்ட்பிரஸ் இலவசம், திறந்த மூலம், தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நாங்கள் இல்லாவிட்டால் இன்னொருவர் எடுத்து நடத்தலாம், அது பெரிய அனுகூலம். ஆனால் அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் திருடர்கள் நுழைந்துவிடுவார்கள். கையால் எழுதிய எளிய பக்கத்துக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் விலையை மாற்ற ஒரு வழி தனியாகச் செய்து தர வேண்டும்.

இந்த வாதத்துக்குக் கொல்லிமலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஒரு காலத்தில் மலையில் சாமையும் தினையும் செழித்த நிலங்களில் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி புகுந்தது. சிறுதானியம் குறைந்ததற்கு விலை மட்டும் காரணமல்ல. சாமையை உரலில் இட்டுக் குத்தி உமி நீக்கும் பாடு பெண்களுடையது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொண்ணூறுகளிலிருந்து அங்கே வேலை செய்தபோது, பெரிய ஆலை எதுவும் கட்டவில்லை. உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களிலேயே அமைத்து, சுய உதவிக் குழுக்களே நடத்தும்படி செய்தார்கள். மதிப்புக் கூட்டிய சிறுதானியம் கொல்லிமலையின் பெயரிலேயே பொட்டலமாக வெளியே வந்தது. எந்த இயந்திரம் பெரியது என்று பார்க்காமல், அங்கே இருப்பவர்களால் எதை ஓட்ட முடியும் என்று பார்த்தார்கள்.

எங்கள் தம்பிகளிடம் இதைத்தான் சொல்வேன். வேர்ட்பிரஸா கையெழுத்தா என்று எங்களுக்குள் சண்டை போட்டு என்ன பயன்? செம்மேட்டுக் கடையில் விலையை மாற்றுவது கடைக்காரரின் மருமகள். பத்தாவது வரை படித்தவர். அவருக்கு ஒரு எண், ஒரு தேதி, ஒரு பச்சை பொத்தான் போதும். அதைச் செய்து கொடுத்தோம். 2019 முதல் அவரே பார்த்துக் கொள்கிறார், எங்களுக்கு போன் வருவதே அபூர்வம்.

கூலி பற்றியும் ஒரு வார்த்தை. வணிகர்கள் எங்களிடம் பேரம் பேசுவது சகஜம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "ஒரு சின்ன மாத்தம்தான்" என்பது எங்களுக்கு ஒரு நாள் வேலையாக இருக்கலாம். "பெரிய மாத்தம்" என்று தயங்கிக் கேட்பது பத்து நிமிடத்தில் முடியலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் முதலிலேயே எத்தனை பக்கம், யார் எழுதிக் கொடுப்பது, யார் படம் எடுப்பது, ஆண்டுப் பராமரிப்பில் எவை அடங்கும் என்பதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது. பேச்சு வார்த்தையில் முடித்த வேலைகளில்தான் எங்களுக்கு மனக்கசப்பு வந்திருக்கிறது. பாதிப் பணம் முன்பணம், மீதி ஒப்படைக்கும்போது. மண்டியில் சரக்கு இறக்கி எடை போட்ட பின் பணம் என்பது போலத்தான்.

ஏற்கெனவே தளம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யலாம். 'ஹூ இஸ்' என்று தேடினால் தளப் பெயர்களின் பதிவு விவரம் காட்டும் பக்கங்கள் வரும். அதில் உங்கள் தளப் பெயரைத் தட்டினால் எங்கே பதிவானது, எந்தத் தேதியில் தவணை முடிகிறது என்பது தெரியும். காசு கிடையாது. ஆனால் யார் பெயரில் இருக்கிறது என்பதை 2018-க்குப் பிறகு பெரும்பாலும் மறைத்தே வைக்கிறார்கள். அதைத் தளம் செய்து கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் மின்னஞ்சலும் போன் நம்பரும் அதில் இல்லாவிட்டால், அவர் முன்னால் உட்கார்ந்தே மாற்றிக் கொள்ளுங்கள்.

செம்மேட்டுக் கடைக்காரர் அந்த விவரங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, மஞ்சள் தடவி, கடைப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். தவணை முடியும் தேதியைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் தினசரிக் காலண்டரில் ஆண்டுதோறும் சிவப்பு மையில் வட்டம் போடுவார். போன முறை பத்து நாள் முன்னதாகவே கட்டிவிட்டு எனக்கு போன் செய்தார்.